சிறுகதைகள் வழியே பிரெஞ்சு: மரியாதையாகக் கேள்வி கேட்கப் பழகுவது எப்படி?

மின்மினிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்றும் சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் இருக்கிறேன். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வரும் வெளிநாட்டுப் பயணிகளுள் பிரெஞ்சுக்காரர்களும் உண்டு. ஆற்றோரத் தங்கும் விடுதி ஒன்றின் முகப்பில் வேலை பார்க்கும் நான், ஆங்கிலத்திலேயே சமாளித்துவிடலாம் என்றாலும், வயதானவர்கள் வரும்போது அவர்கள் மொழியிலேயே நாலு கேள்வி கேட்க முடிந்தால் நன்றாக இருக்குமே என்று பிரெஞ்சு படிக்கத் தொடங்கினேன். கோலாலம்பூருக்குப் போய் வகுப்பில் சேர வேலை நேரம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே, தொடக்கநிலை மாணவர்களுக்கென்று எழுதப்பட்ட சிறுகதைகளைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் சந்தேகம் இதுதான். கேள்வி கேட்பதற்கு மூன்று வழிகள் உண்டு என்று இலக்கண நூல் சொல்கிறது: சாதாரண வாக்கியத்தைச் சொல்லிக் கடைசியில் குரலை உயர்த்துவது ('வூஸாவே...?', அதாவது 'உங்களிடம் இருக்கிறதா...?'), முன்னால் 'எஸ்-கெ' என்ற கேள்விச் சொற்களைச் சேர்ப்பது, வினைச்சொல்லை முன்னுக்குக் கொண்டுவந்து 'ஆவே-வூ' என்று திருப்பிப் போடுவது. இவற்றுள் மூன்றாவதுதான் மரியாதையானது என்றும் அந்த நூலில் இருக்கிறது. ஆனால், கதைகளில் வரும் கடைக்காரரும் பயணியும் மரியாதையாகப் பேசும் இடங்களில்கூட முதல் வழியிலேயே கேட்கிறார்கள். கதையை நம்புவதா, நூலை நம்புவதா? கேள்வி கேட்கக் கற்றுக்கொள்வதற்காகவே ஒரு கதையைப் படிப்பதென்றால் அதை எப்படிப் படிக்க வேண்டும்?

லியோன் பழைய மாணவன் எழுதியது:

வணக்கம் அக்கா. அரசாங்க உபகாரச் சம்பளத்தில் பிரான்சுக்குப் படிக்கப் போனவர்களில் நானும் ஒருவன். உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில், கதையை நம்புங்கள் என்பதுதான். சொற்களைத் திருப்பிப் போடுவதால் வாக்கியத்துக்கு எழுத்து நடையின் மிடுக்கு வருமே தவிர, அதனால் மட்டும் பணிவு வந்துவிடாது. 'கெ வூலே-வூ?' என்பது முறையாகத் திருப்பிப் போட்ட கேள்விதான், ஆனால் முகப்பில் நின்றுகொண்டு விருந்தினரிடம் அதை மட்டும் சொன்னால் 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று அதட்டுவதுபோல ஒலிக்கும். 'வூ பூர்யே மெடே, சில் வூ ப்ளே?' ('சில் வூ ப்ளே' என்றால் 'தயவுசெய்து') என்பதில் எதுவும் திருப்பிப் போடப்படவில்லை, கடைசியில் குரல் உயர்வதோடு சரி, ஆனாலும் 'எனக்குக் கொஞ்சம் உதவ முடியுங்களா?' என்று கேட்கும் அத்தனை மரியாதையும் அதில் இருக்கிறது.

அந்த மரியாதை வினைச்சொல்லின் வடிவத்தில்தான் இருக்கிறது. 'வூ பூவே' என்றால் 'உங்களால் முடியும்'. அதையே நிபந்தனை வடிவத்துக்கு மாற்றி 'வூ பூர்யே' என்றால், முடியாது என்று சொல்வதற்கும் எதிராளிக்கு இடம் விட்டதாக ஆகிறது. 'ஜெ வெ' என்பது 'எனக்கு வேண்டும்' என்ற பிடிவாதம், 'ஜெ வூட்ரே' என்பது கடையில் எல்லாரும் சொல்லும் பணிவான வடிவம். 'ஓர்யே-வூ' என்பது 'உங்களிடம் இருக்குமா?' என்பதற்கு. தொடக்கத்தில் இந்த மூன்று வினைகளை மட்டும் நிபந்தனை வடிவத்தில் வாயில் வரும்படி பழகிக்கொண்டாலே முகப்பு வேலைக்குப் பெரும்பாலும் போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். 'ஜெ வூலே வூ டெமான்டே...' என்று பிரெஞ்சுக்காரர்கள் இறந்தகாலத்தில் தொடங்குவார்கள். நாம் 'உங்களிடம் ஒன்று கேட்கலாம் என்று வந்தேன்' என்று சொல்லிக்கொண்டே எதிரில் நிற்கிறோம் அல்லவா, அதே பழக்கம்தான் அங்கேயும்.

இலக்கண நூல்கள் அழுத்திச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. ரொட்டிக் கடைக்குள் நுழைந்தவுடன் 'போன்ஜூர் மதாம்' என்று சொல்லாமல் நேராக 'ஜெ வூட்ரே யூன் பகெத், சில் வூ ப்ளே' என்று எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது மரியாதைக் குறைவுதான். வணக்கம் சொன்ன பிறகு கேட்டால், ரொட்டியை மெல்லிய தாளில் சுற்றிக்கொண்டே 'ஏ அவெக் ஸெஸி?', அதாவது 'இதோடு வேறென்ன?' என்று கடைக்காரம்மா அடுத்த கேள்வியைத் தானே கேட்பார். கதையில் கேள்வியை மட்டும் கோடிட்டு எடுத்தால் அதற்கு முன்னால் இருக்கும் அந்த வணக்கம் விட்டுப்போகும். அதனால் எப்போதும் கேள்விக்கு முந்திய வரியையும் பிந்திய பதிலையும் சேர்த்தே நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் யார் யாரிடம் கேட்கிறார், கேட்பது சின்ன உதவியா பெரிய உதவியா என்று தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆளை மாற்றி, அதே கேள்வியை ஒரு சிறுவனிடம் கேட்பதுபோலவும் ஒரு முதியவரிடம் கேட்பதுபோலவும் மறுபடி எழுதிப் பாருங்கள்.

பால்மரத்து வாத்தியார் எழுதியது:

தம்பி சொன்ன முறை எனக்கும் உடன்பாடுதான் அம்மா. நம் ஊருக்குப் பிரெஞ்சு அப்படியொன்றும் அந்நியமில்லை என்பதை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன். 1917-இல் நம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில், இந்த நாட்டிலேயே முதன்முதலாகச் செம்பனையை (எண்ணெய்ப் பனையை) வணிகப் பயிராக நட்ட ஆன்ரி ஃபோகோனியே பிரெஞ்சுக்காரர். பின்னாளில், 1930-இல், அந்நாட்டின் கொங்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றவர்.

விஷயத்துக்கு வருகிறேன். மாணவர் பதிப்புகளோடு நின்றுவிடாமல், மாப்பசான் 1884-இல் எழுதிய 'லா பாரூர்' என்ற கதையையும் படியுங்கள். விருந்துக்குப் போட்டுக்கொள்ள நகையில்லாத மத்தில்ட், வசதியுள்ள தோழி ஜானிடம் கழுத்தணியை இரவல் கேட்கும் இடத்தில், அவள் தயங்கித் தயங்கிக் கேட்டதாகச் சொல்லிவிட்டு ஆசிரியர் தரும் கேள்வி இது: 'பெ-த்யூ மெ ப்ரெத்தே ஸெலா, ரியன் கெ ஸெலா?' அதாவது, 'இதை எனக்கு இரவல் தர முடியுமா, இதை மட்டும்?' தோழியிடம் பேசுவதால் 'நீ' என்ற 'த்யூ' வருகிறது; நிபந்தனை வடிவமும் இல்லை, 'தயவுசெய்து' என்ற சொல்லும் இல்லை. 'இதை மட்டும்' என்று கடைசியில் சேர்த்த அந்தச் சொற்களே கேள்வியைக் கெஞ்சலாக்கிவிடுகின்றன.

அதே கதையில், பல ஆண்டுகள் கழித்து, வறுமையில் உருமாறிப்போன மத்தில்ட் தெருவில் ஜானைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொல்லும்போது, அடையாளம் தெரியாத ஜான் அவளை 'மதாம்' என்றும் 'நீங்கள்' என்ற 'வூ' போட்டும் விளித்து, ஆள் மாறிப் பேசுகிறீர்கள் போலும் என்கிறாள். மத்தில்ட் தன் பெயரைச் சொன்ன அடுத்த கணமே அது 'த்யூ' ஆகிவிடுகிறது. நீ, நீங்கள் என்று சொல்லியே வளர்ந்த நமக்கு இந்த மாற்றத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு பக்கங்களை வாய்விட்டுப் படித்தால் பயிற்சி நூலின் ஒரு முழுப் பாடம் மிச்சம்.

லியோன் பழைய மாணவன் எழுதியது:

ஐயா சொல்லும் கதை அருமையானது, ஆனால் தொடக்கத்திலேயே அதைக் கையில் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய கதைகளில் உரையாடலுக்கு இடையே கதை சொல்பவரின் குரலும் 'டெமான்டா-தில்', அதாவது 'என்று அவன் கேட்டான்' என்பதுபோன்ற வடிவங்களில் வந்துகொண்டே இருக்கும். அந்த இறந்தகால வடிவம் இன்று எழுத்தில் மட்டும் வாழ்வது, பேச்சில் யாரும் பயன்படுத்துவதில்லை. மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற தெளிவு வந்த பிறகு அக்கா மாப்பசானிடம் போகலாம்.

மின்மினிக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். கடப்பிதழைக் கேட்பது போன்ற, விருந்தினருக்குக் கொஞ்சம் சங்கடமான கேள்விகளை எப்படிக் கேட்பது? விடுதியின் மின்னஞ்சலிலும் இதே பேச்சு நடையில் எழுதலாமா?

புதுவைப் பேத்தி எழுதியது:

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன், என் தாத்தா வீட்டில் இரண்டு மொழியும் புழங்கும். கடப்பிதழுக்கு 'எஸ்-கெ ஜெ பூரே வுவார் வோத்ர் பாஸ்போர், சில் வூ ப்ளே?' என்று கேளுங்கள். 'நான் பார்க்கலாமா?' என்று கேள்வியை உங்கள் பக்கம் திருப்பிக்கொள்வதால், 'கொடுங்கள்' என்ற தொனி அதில் இராது. எதிர்மறையாகக் கேட்பதும் ஒரு நயம்: 'வூ நோர்யே பா அன் ஸ்தீலோ?' என்றால் 'உங்களிடம் பேனா ஏதும் இருக்காதா?' என்று பொருள். இல்லை என்று சொல்ல அவருக்கும் எளிது. ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் வைக்கும்போது மட்டும் கவனம் தேவை: 'பூர்யே-வூ மெ டீர்...' என்று தொடங்கினால் அதற்குப் பின்னால் வரும் கேள்வியில் 'எஸ்-கெ' சேர்க்கக்கூடாது. கதைகளில் வழி கேட்கும் காட்சிகளில் இது அடிக்கடி வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலைப் பொறுத்தவரை உங்கள் இலக்கண நூலுக்கு அங்கேதான் வேலை இருக்கிறது. வருகை நேரத்தைக் கேட்க, 'பூர்யே-வூ நூஸாந்திகே வோத்ர் எர் டாரிவே?' என்று திருப்பிப் போட்டே எழுதுங்கள், 'எஸ்-கெ' வேண்டாம். அதே ஆள் வந்து முகப்பில் நிற்கும்போது, முதலில் 'போன்ஜூர்', பிறகு 'வூ பூர்யே'.