லைவ் சைட்ட லேப்டாப்புக்கு எறக்குறேன்னு போய் லைவ்லயே கை வச்ச கதை

தெற்கு மாசி வீதில எங்க மாமா சுங்குடிச் சேலை கடை வச்சிருக்காரு, வேர்ட்பிரஸ்ங்குற சாஃப்ட்வேர்ல செஞ்ச ஒரு சைட்டும் ஓடுது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னாடி "மாப்ள முகப்ப மாத்திக் குடு, ஆனா சைட் ஒரு நிமிசம் நிக்கக் கூடாது, அழகர் ஆத்துல எறங்குற வாரம்தான் ஆர்டர் வரும்"னாரு.

சரி, லேப்டாப்புல ஒரு காப்பி எடுத்து அதுல மாத்திப் பாப்போம்னு நெனச்சேன். மொதல்ல எச்டிடிராக்னு சைட்ட அப்படியே எறக்குற டூல் போட்டு இழுத்தேன். பக்கமெல்லாம் அழகா தொறக்குது, உள்ள போனா சைட்ட ஓட்டுற பிஎச்பி கோட் ஃபைல் ஒண்ணு கூட இல்ல, வெறும் எச்டிஎம்எல். சர்வர் சமைச்சு எலைல போட்டத மட்டும் அள்ளிட்டு வருது அது, அடுப்படி வராதுல்ல. அப்புறம் ஃபைல்ஜில்லானு சர்வர்ல இருந்து ஃபைல் எறக்குற சாஃப்ட்வேர்ல மொத்த ஃபோல்டரையும் எறக்குனேன், ஒவ்வொரு சேலை போட்டோவையும் வேர்ட்பிரஸ் அஞ்சாறு சைஸ்ல வெட்டி வச்சிருக்கும், விடிய விடிய ஓடுச்சு (ஹோஸ்டிங்காரன் குடுக்குற சிபேனல்ல ஜிப் பண்ணி ஒரே ஃபைலா எறக்கிருக்கலாம், யாரும் சொல்லல). டேட்டாபேஸ பிஎச்பிமைஅட்மின்னு அதுக்குன்னு இருக்குற டூல்ல எக்ஸ்போர்ட் பண்ணி, லேப்டாப்பையே சர்வரா ஆக்குற ஜாம்ப்ல ஏத்தி, கான்ஃபிக் ஃபைல்ல டேட்டாபேஸ் பேரு, யூசர், பாஸ்வேர்ட் மாத்திட்டு பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட்னு (நம்ம லேப்டாப்புக்கே உள்ள அட்ரஸ்) அடிச்சா சைட் வந்துருச்சு. லாகின் பண்ணி தலைப்புல "வேலை செய்யுதா பாப்போம்"னு போட்டு சேவ் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

மாமா போன். "ஏன் மாப்ள, கடை பேரு இருந்த எடத்துல வேலை செய்யுதான்னு வருது, யாரு யாரக் கேக்குறா?"

டேட்டாபேஸ்ல ஆப்ஷன்ஸ் டேபிள்ல சைட்யூஆர்எல், ஹோம்னு ரெண்டு வரி இருக்கு, ரெண்டுலயும் பழைய லைவ் அட்ரஸ்தான். அதான் லோக்கல்ஹோஸ்ட்டுன்னு அடிச்சாலும் அங்கிட்டுத் தள்ளி விட்டுருக்கு, நான் மேல அட்ரஸ் பார்ல கண்ணையே வைக்கல.

சரின்னு டேட்டாபேஸ எக்ஸ்போர்ட் பண்ணுன எஸ்க்யூஎல் ஃபைல நோட்பேட்ல தொறந்து மொத்தமா அட்ரஸ ரீப்ளேஸ் அடிச்சேன், பக்கத்து ஓரத்துல, அடில வர்ற பெட்டிகள்ல (விட்ஜெட்) பாதியக் காணோம். சில செட்டிங்க எழுத்து எண்ணிக்கையோட சேத்து எழுதி வச்சிருக்கும், அட்ரஸ் நீளம் மாறுனா கணக்கு இடிக்கும், அம்புட்டையும் தூக்கிப் போட்டுரும். பெட்டர் சர்ச் ரீப்ளேஸ்னு ஒரு பிளகின் அந்த எண்ணையும் சேத்தே மாத்துது. அதுக்கப்புறம்தான் உருப்பட்டுச்சு.

கீழ விழுந்த கமெண்ட்டுக:

திருமங்கலத்தான்: நீங்க மாமாகிட்ட மட்டும்தான் வாங்குனீங்க. எங்க காப்பில கஸ்டமருக்கு மெயில் அனுப்புற எஸ்எம்டிபி பிளகின் லைவ் பாஸ்வேர்டோட அப்படியே இருந்துச்சு, பில் டிசைன் பாக்கணும்னு பழைய ஆர்டர் பத்த "முடிஞ்சது"ன்னு மாத்துனேன், பத்து பேருக்கும் மெயில் போயிருச்சு. ஒரு அக்கா போன் பண்ணி "ஏந்தம்பி, கேன்சல் பண்ணுன ஆர்டருக்கு என்னத்தக் கொண்டு வரப் போற"ன்னு கேட்டாங்க.

செல்லூர்ப் பையன்: எனக்கு லோகோ. ஃபைல் பேர்ல, விண்டோஸ்ல இங்கிலீஷ் பெரிய எழுத்து சின்ன எழுத்து ரெண்டும் ஒண்ணுதான், லைவ் சர்வர் லினக்ஸ், அங்க வேற வேற. வீட்ல பளிச்சுன்னு தெரிஞ்ச படம் ஏத்துனதும் காணாமப் போச்சு, ரெண்டு மணி நேரம் கேச்சையே கிளியர் பண்ணிட்டு இருந்தேன் 😄 ஆமா அண்ணே, திரும்ப ஏத்தும்போது டேட்டாபேஸையும் ஏத்துனீங்களா?

நான்: இல்லப்பா, முகப்பு டிசைன் இருக்குற தீம் ஃபோல்டர் மட்டுந்தான். அந்த நாலு நாள்ல லைவ்ல புது ஆர்டர் விழுந்திருக்கும்ல, பழசக் கொண்டு போய் மேல ஏத்தியிருந்தா மாமா என்னைய வைகைலயே எறக்கிருப்பாரு.