ஒன்டாரியோவைத் தாண்டுவதே பாதிப் பயணம்

டொராண்டோவிலிருந்து வான்கூவருக்கு ஆர்வி-யில், அதாவது படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வண்டியில், போகப்போகிறோம் என்றால் போதும், மலைப் பக்கத் தேசியப் பூங்காக்களான பான்ஃபுக்கு எத்தனை நாள், ஜாஸ்பருக்கு எத்தனை நாள் என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் ஒன்டாரியோ மாகாணத்துக்கு நாள் ஒதுக்குங்கள். மொத்தம் சுமார் 4,400 கிலோமீட்டர். மனிடோபா எல்லையைத் தொடுவதற்குள்ளேயே ஏறத்தாழ 2,000 போய்விடும். சுப்பீரியர் ஏரியை ஒட்டிய பகுதியில் சாலை பெரும்பாலும் போக ஒரு தடம், வர ஒரு தடம்தான். முன்னால் ஒரு மர லாரி ஏற்றத்தில் திணறினால் நாமும் பின்னாலேயே போக வேண்டியதுதான். சில இடங்களில் மாற்றுவழியே கிடையாது. 2016 ஜனவரியில் நிபிகன் பாலம் பழுதானபோது, கனடாவுக்குள்ளேயே கிழக்கிலிருந்து மேற்கே போக வேறு சாலை இல்லாமல் போனது.

போன ஜூனில் நாங்கள் சூ செயின்ட் மேரியிலிருந்து கிளம்பவே மதியம் தாண்டிவிட்டது. வாவா என்ற ஊரில் அந்தப் பெரிய வாத்துச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் ஹெட்லைட்டில் நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. உடம்பு வெளிச்சத்துக்கு மேலே, இருட்டோடு இருட்டாக. மூஸ், பெரிய காட்டு மான்! இவர் பிரேக்கை அழுத்தியதில் பின்னால் அலமாரிக் கதவு திறந்து தட்டெல்லாம் தரையில். ஹார்ன் அடித்தோம், அது நம்ம ஊர் எருமை மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு நிதானமாக நடந்தது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு ஓரப் பள்ளங்களில் தங்கிவிடும், அதை நக்க வருகின்றன என்று மறுநாள் பெட்ரோல் பங்கில் சொன்னார்கள்.

அதற்கப்புறம் மாலை ஐந்து மணிக்கு மேல் வண்டியை எடுப்பதில்லை என்று முடிவு. அப்படியென்றால் இரவு தங்கும் இடத்தை முன்கூட்டியே பிடித்தாக வேண்டும். அகாவா பே போன்ற, ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் உள்ள முகாம்களுக்கு ஐந்து மாதம் முன்பே, காலை 7 மணிக்கு முன்பதிவு திறக்கும். கோடை வார இறுதி என்றால் அந்த நிமிடமே உட்கார்ந்துவிடுங்கள்.

*

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். உங்களுக்கு மூஸ், எங்களுக்குக் கரடி பயம். பான்ஃபில் டனல் மவுண்டன் முகாமில் தங்கியிருந்தோம். பக்கத்து இடத்துக்காரர் ஐஸ் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நடக்கப் போனார். திரும்பி வந்தால் பெட்டி இல்லை, ஒரு சீட்டுதான் இருந்தது. பூங்கா ஊழியர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். வாசனைக்குக் கரடி வரும் என்பதால், கழுவாத பாத்திரம், நாய்க்கு வைத்த தட்டு, எண்ணெய் படிந்த அடுப்பு, எதுவும் ஆளில்லாமல் வெளியே இருக்கக் கூடாது. நாங்கள் மீன் வறுவலையே தள்ளிவைத்துவிட்டோம், அதுதான் பெரிய சோகம். விறகும் வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரத்தை அரிக்கும் பூச்சிகள் அதோடு பரவும், போகிற இடத்திலேயே வாங்குங்கள்.

*

நீங்கள் இருவரும் சொல்லாத, யாரும் பேச விரும்பாத விஷயத்தை நான் சொல்கிறேன். வண்டியின் கழிவைக் கொட்டும் இடமான டம்ப் ஸ்டேஷனில் கழிப்பறைத் தொட்டியை முதலில் திறங்கள், பாத்திரம் கழுவிய, குளித்த தண்ணீர்த் தொட்டியை அப்புறம். அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயை அலசிவிடும். கையுறை கட்டாயம். இன்னொன்று, பான்ஃப் பூங்காவிலுள்ள லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பருக்குப் போகும் சாலை சுமார் 230 கிலோமீட்டர். நடுவில் எரிபொருள் கிடைப்பது சஸ்காச்சுவான் ரிவர் கிராஸிங்கில் மட்டும், அதுவும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். லேக் லூயிஸிலேயே டாங்கை நிரப்பிவிடுங்கள்.