எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லையா? கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை (பல தொழில்காரர்களின் அனுபவப் பகிர்வு)

லேப்டாப், டெஸ்க்டாப் சர்வீஸ் பெஞ்ச்:

“டிஸ்க் தெரியலை” என்று வருகிற டிரைவ் எல்லாவற்றுக்கும் ஒரே நோய் கிடையாது. எந்தப் படியில் நின்றுபோயிருக்கிறது என்று பார்க்காமலேயே ரெக்கவரி சாஃப்ட்வேரை ஓட்டிவிடுகிறார்கள். அங்கேதான் பாதி டேட்டா போகிறது. செருகியதும் முதல் பத்து விநாடி காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

சத்தமே இல்லை என்றால் கரண்ட் போகவில்லை, அல்லது டிரைவின் சர்க்யூட் போர்டு (பி.சி.பி.) போயிருக்கிறது. மெல்லிய பீப் வந்தால் மோட்டார் சுற்றப் பார்க்கிறது, முடியவில்லை. கரண்ட் பற்றாமல் இருக்கலாம், டேட்டாவைப் படிக்கும் ஹெட், சுற்றும் தட்டில் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். நல்ல போர்ட், நல்ல கேபிளில் போட்டும் அதே பீப் என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள். ஒரே தாளத்தில் டக், டக் என்று அடித்தால் ஹெட் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம், உடனே பிடுங்கணும். சீராகச் சுற்றுகிறது, ஆனால் கம்ப்யூட்டரில் தெரியவில்லை என்பதுதான் நம்பிக்கையான கேஸ்.

2.5 இன்ச் டிரைவ் கிளம்பும் ஓரிரு விநாடிக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர் இழுக்கும். விதிப்படி யு.எஸ்.பி. 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான், 3.0 என்றால் 900. பல போர்ட்கள் அதைவிடத் தாராளமாகத் தருவதால் பிழைப்பு ஓடுகிறது. கேபினட்டின் முன்பக்கப் போர்ட், அடாப்டர் இல்லாத ஹப், நீளமான மலிவு கேபிள் என்று போனால் வோல்டேஜ் இறங்கிவிடும். லைட் எரியும், டிரைவ் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். டெஸ்க்டாப்பின் பின்பக்கப் போர்ட்டில், அரை மீட்டருக்குள் உள்ள வேறு கேபிளோடு ஒருமுறை பாருங்கள். அந்த அகலமான மைக்ரோ-பி பிளக் தளர்ந்துபோவதும் சகஜம்.

3.5 இன்ச் என்றால் சந்தேகம் முதலில் 12 வோல்ட் அடாப்டர் மேல். லோடு இல்லாமல் மல்டிமீட்டரில் 12 காட்டும், டிரைவ் சுற்ற ஆரம்பித்ததும் சரிந்துவிடும். அதனால் மீட்டரை மட்டும் நம்பாமல், அதே போலாரிட்டி உள்ள 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பின் பொருந்துகிறதே என்று லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரைச் செருகி, ஒரே நொடியில் உயிரை விட்ட டிரைவ்கள் பெஞ்ச்சுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அப்படிச் செத்ததிலும் நல்ல செய்தி உண்டு. பி.சி.பி.யில் பவர் கனெக்டர் பக்கத்தில் 12 வோல்ட்டுக்கு ஒன்று, 5 வோல்ட்டுக்கு ஒன்று என டி.வி.எஸ். டயோடு இருக்கும். மிகை வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட்டாகி மற்றதைக் காப்பதுதான் அதன் வேலை. இரண்டு திசையிலும் மீட்டர் பூஜ்யம் காட்டினால் அந்த டயோடை எடுத்துவிட்டாலே பல டிரைவ் ஓடும். பாதுகாப்பு இல்லாமல் ஓடுகிறது என்பதை மறக்காமல், நல்ல பவர் சப்ளையில் வைத்து காப்பி எடுத்துவிட்டு ஓரம்கட்டுங்கள்.

மோட்டார் சிப் கருகியிருந்தால் போர்டு மாற்றணும். அதே மாடல் போர்டு வாங்கி மாட்டினால் போதும் என்பது பழைய காலத்துப் பேச்சு. அந்தந்த டிரைவின் ஹெட்டுக்கு ஏற்ற அளவீடுகள் 8 கால் ரோம் (ROM) சிப் ஒன்றில் இருக்கும். பழைய போர்டிலிருந்து அதைக் கழற்றிப் புதியதில் ஒட்டினால்தான் ஓடும். சில போர்டில் அந்தத் தகவல் மெயின் சிப்புக்குள்ளேயே இருக்கும். அது ஹாட் ஏர் கன்னோடு முடிகிற வேலை இல்லை.

டேட்டா ரெக்கவரி லேப் பக்கம்:

மேலே சொன்னதோடு ஒன்று. “பெட்டியைப் பிரித்து உள்ளே இருக்கும் டிஸ்க்கை நேராக சாட்டாவில் (கம்ப்யூட்டருக்குள் டிஸ்க் மாட்டும் கனெக்டர்) போடு” என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல யோசனைதான், மூன்று இடத்தில் காலை வாரும்.

முதலாவது, வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், எலிமென்ட்ஸ் போன்ற 2.5 இன்ச் டிரைவ்கள் பலவற்றில் சாட்டா கனெக்டரே கிடையாது. யு.எஸ்.பி. சாக்கெட் டிரைவின் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும். சாக்கெட் உடைந்தால் அதை மறுபடி ஒட்டுவது ஒரு வழி, பொருத்தமான சாட்டா போர்டுக்கு ரோம் சிப்பை மாற்றுவது இன்னொன்று. சீகேட் போர்ட்டபிள்களில் பெரும்பாலும் உள்ளே சாதாரண சாட்டா டிரைவும் சாட்டாவை யு.எஸ்.பி.யாக மாற்றும் சின்ன பிரிட்ஜ் போர்டும் தனித்தனியாக இருக்கும். அங்கே பிரித்து மாட்டுவது சுலபம்.

இரண்டாவது என்க்ரிப்ஷன். மை பாஸ்போர்ட், மை புக் மாடல்கள் பலவற்றில் பாஸ்வேர்டு வைக்காவிட்டாலும் பிரிட்ஜ் சிப் எல்லாவற்றையும் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையில் பூட்டியே எழுதும். வெறும் டிஸ்க்கைப் படித்தால் குப்பை மாதிரித் தெரியும், எந்த சாஃப்ட்வேரும் ஒரு ஃபைலைக்கூட காட்டாது. ஆகவே செத்துப்போன போர்டைக் குப்பையில் போடாதீர்கள். பாஸ்வேர்டு வைத்த டிரைவ் என்றால் செருகியதும் ஒரு சிடி மட்டும் தெரியும், அதற்குள் அன்லாக் புரோகிராம் இருக்கும். “டிஸ்க் காணோம், சிடி மட்டும் வருகிறது” என்பது பழுதே இல்லை.

மூன்றாவதுதான் நிறையப் பேரைக் குழப்புவது. எம்.பி.ஆர். என்ற பழைய பார்ட்டிஷன் அட்டவணை முறையில் 512 பைட் செக்டர் (டிஸ்க் எழுதும் மிகச் சிறிய துண்டு) வைத்து சுமார் 2.2 டிபி வரைதான் காட்ட முடியும். பெரிய டிரைவ் பழைய விண்டோஸிலும் ஓட வேண்டும் என்று சில பெட்டிகளின் பிரிட்ஜ் சிப் செக்டரை 4096 பைட்டாகக் காட்டும். அதே டிஸ்க்கை வெளியே எடுத்து நேராக சாட்டாவில் போட்டால் 512 ஆகிவிடும். பார்ட்டிஷன் 256-வது செக்டரில் தொடங்குகிறது என்று எழுதியிருந்தால், பெட்டிக்குள் அது 1 எம்பி தூரம், வெளியே 128 கேபி தூரம். விண்டோஸ் தப்பான இடத்தில் தேடிவிட்டு ரா (ஃபைல் சிஸ்டம் புரியாத டிஸ்க்) என்றோ ஃபார்மட் செய் என்றோ சொல்லும். டேட்டா பத்திரமாக இருக்கிறது! டெஸ்ட்டிஸ்க் என்ற பார்ட்டிஷன் மீட்கும் கருவியில் ஜியோமெட்ரி மெனுவில் செக்டர் அளவை 4096 ஆக்கித் தேடினால் பழைய பார்ட்டிஷன் வந்துவிடும். லினக்ஸில் இமேஜை (டிஸ்க்கின் முழு நகல் ஃபைல்) லூப் டிவைஸாக, அதாவது ஒரு டிஸ்க் போலவே மாட்டும்போதும் செக்டர் அளவைக் குறிப்பிடலாம்.

ஆபீஸ் ஐடி சப்போர்ட்:

விண்டோஸ் ஆட்களுக்குச் சுருக்கமாக. மை கம்ப்யூட்டரில் (இப்போது திஸ் பிசி) தெரியாவிட்டால் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறங்கள். பார்ட்டிஷன் நன்றாக இருந்து எழுத்து மட்டும் இல்லை என்றால் டிரைவ் லெட்டர் கொடுத்தால் போதும். ஆஃப்லைன் என்று இருந்தால், குளோன் செய்த இரண்டு டிஸ்க்குக்கு ஒரே சிக்னேச்சர் (அடையாள எண்) இருக்கலாம். ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். 200 எம்பி இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனும் அடுத்து பெயரில்லாத பெரிய பார்ட்டிஷனும் தெரிந்தால் அது மேக்கில் ஃபார்மட் ஆன டிரைவாக இருக்கலாம். மேக்கில் போட்டுப் பார்க்காமல் இனிஷியலைஸ், ஃபார்மட் எதையும் தொடாதீர்கள். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) என்றால் பாஸ்வேர்டோ 48 இலக்க ரெக்கவரி கீயோ இல்லாமல் மேற்கொண்டு பேச்சே இல்லை.

சைஸ் 0 காட்டினாலோ, மாடல் பெயர் வராவிட்டாலோ பெரும்பாலும் டிரைவால் தன் சொந்த ஃபர்ம்வேரையே படிக்க முடியவில்லை என்று அர்த்தம். சாஃப்ட்வேர் எதற்கும் அது அடங்காது.

செக் டிஸ்க் பற்றி: பழுதான டிரைவில் அதை ஓட்டவே கூடாது. அது ஃபைல் சிஸ்டத்தை ஒழுங்குபடுத்தும் கருவி, உங்கள் ஃபைலைக் காப்பது அதன் கவலை இல்லை. படிக்க முடியாத இன்டெக்ஸை வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பெயரில்லாத துண்டுகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடும்.

லினக்ஸ் பக்கம், குளோனிங்:

டிரைவ் தெரிகிறது ஆனால் தொங்குகிறது, ஃபோல்டர் திறக்க ஐந்து நிமிடம் ஆகிறது என்றால் விண்டோஸிலிருந்து கழற்றுங்கள். தம்ப்நெயில், ஆன்டிவைரஸ், இன்டெக்ஸிங் என்று ஆளாளுக்கு அதைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஆட்டோமவுன்ட் நிறுத்திய லினக்ஸ் லைவ் யு.எஸ்.பி.யில் பூட் செய்து முதலில் கெர்னல் லாகை, அதாவது லினக்ஸ் எழுதும் சாதனச் செய்திகளைப் பாருங்கள். மைனஸ் 71 என்ற எரர் திரும்பத் திரும்ப வந்தால் கேபிளையோ பவரையோ முதலில் சந்தேகப்படுங்கள். சில பெட்டிகள் யு.ஏ.எஸ். என்ற வேகமான யு.எஸ்.பி. முறையில் தகராறு செய்யும். கெர்னல் குவர்க் என்ற விதிவிலக்கு செட்டிங்கில் அதை அணைத்தால் அடங்கிவிடும்.

பிறகு ஸ்மார்ட், அதாவது டிரைவ் தானே வைத்திருக்கும் உடல்நலக் கணக்கு. 05 மாற்றப்பட்ட செக்டர், சி5 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். சி5 ஏறிக்கொண்டே போனால் டிரைவ் சாகிறது. சி7 மட்டும் ஏறினால் அது கேபிள் பிரச்னை.

காப்பிக்கு குனு டிடிரெஸ்க்யூ என்ற கருவி. உபுண்டுவில் பேக்கேஜ் பெயர் முன்னால் ஒரு ‘ஜி’ இருக்கும். கமாண்டில் முதலில் பழுதான டிரைவ், அடுத்து சேமிக்கும் இடம், மூன்றாவது மேப் ஃபைல். முதல் இரண்டும் இடம் மாறினால் கதை முடிந்தது, எனவே சீரியல் நம்பரை இரண்டு தடவை சரிபாருங்கள். சேமிக்கும் டிஸ்க் பழையதைவிடப் பெரியதாக இருக்கட்டும். மேப் ஃபைலை வேறொரு நல்ல டிஸ்க்கில் வையுங்கள். எங்கே விட்டது என்ற கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

முதல் சுற்றில் ‘என்’ ஆப்ஷன் போட்டு, மோசமான இடத்தைச் சுரண்டாமல் சுலபமாக வருவதை அள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் அதை எடுத்துவிட்டு, ‘டி’ என்ற நேரடிப் படிப்போடு, மூன்று மறுமுயற்சி கொடுங்கள். ஆரம்பத்திலேயே பத்து மறுமுயற்சி கொடுத்தால், தேயும் ஹெட்டை வைத்து மோசமான இடத்திலேயே மல்லுக்கட்டுவீர்கள். நல்ல இடத்துக்குப் போவதற்குள் டிரைவ் போய்விடும்.

டிரைவ் நடுவில் தொங்கினால் பவரை எடுத்து, கொஞ்சம் ஆறவிட்டு, அதே கமாண்டை ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் மறுபடி செருகும்போது லினக்ஸ் வைத்த டிரைவ் பெயர் எஸ்.டி.பி. என்று இருந்தது எஸ்.டி.சி. ஆகியிருக்கலாம். அதனால் எழுத்தைக் கொடுக்காமல், சீரியல் நம்பர் உள்ள ‘பை-ஐடி’ பாதையைக் கொடுங்கள்.

நேரக் கணக்கு: 1 டிபி நல்ல டிரைவ் விநாடிக்கு 100 எம்பி வேகத்தில் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். யு.எஸ்.பி. 2.0-வில் 30 எம்பி என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல். 1 எம்பிக்கு இறங்கினால் பதினோரு நாளுக்கு மேல். அப்போது முழு டிஸ்க்கை விட்டுவிட்டு, ஃபைல் இருக்கும் இடத்தை மட்டும் குளோன் செய்யும் கருவிகளுக்கு மாற வேண்டும். ஸ்லீப் மோடை அணையுங்கள். கரண்ட் போனால் லேப்டாப்பும் 2.5 இன்ச் டிரைவும் பேட்டரியில் தாக்குப்பிடிக்கும், 3.5 இன்ச்சின் அடாப்டர் அணைந்துவிடும். அந்த அடாப்டரும் யு.பி.எஸ்.ஸில் இருக்கணும்.

கல்யாண ஸ்டூடியோ பேக்கப் வேலை:

குளோன் கையில் வந்த பிறகு சொல்கிறேன், அதற்கு முன் இதைத் தொடாதீர்கள். மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட வேண்டும் என்று ஸ்டூடியோக்களில் எக்ஸ்ஃபேட் ஃபைல் சிஸ்டம்தான் அதிகம். அதில் ஜர்னல் (எழுதும் மாற்றங்களின் குறிப்பேடு) கிடையாது, எழுதும்போது பிடுங்கினால் மொத்தமாக ரா ஆகிவிடலாம். ஆனாலும் பூட் பகுதிக்கு ஒரு நகல் 12-வது செக்டரில் இருக்கிறது. விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். ஃபைல் சிஸ்டம் என்றால் பார்ட்டிஷனின் கடைசி செக்டரில். நகல் நன்றாக இருந்தால் டெஸ்ட்டிஸ்க்கின் அட்வான்ஸ்டு, பூட் மெனுவில் திருப்பி எழுதலாம். ஃபோல்டர் எல்லாம் பெயரோடு வந்துவிடும்.

வராவிட்டால் டி.எம்.டி.இ., ஆர்-ஸ்டூடியோ போன்ற ரெக்கவரி சாஃப்ட்வேர். டி.எம்.டி.இ.யின் இலவசப் பதிப்பு ஒரு தடவைக்கு ஒரு ஃபோல்டரிலிருந்து 4000 ஃபைல் வரை தரும், பல சமயம் அதுவே போதும். ஃபைலின் வடிவத்தை மட்டும் வைத்துத் தேடும் ஃபோட்டோரெக் கடைசி ஆயுதம். பெயர், ஃபோல்டர் எதுவும் வராது. 500 ஃபைலுக்கு ஒரு ஃபோல்டராகக் கொட்டும். படங்களை எக்ஸிஃப் தேதியை (கேமரா படத்துக்குள் எழுதிவைக்கும் தேதி) வைத்துப் பெயர் மாற்றிப் பிரித்துவிடலாம். வீடியோதான் தலைவலி: நிறைந்துபோன டிஸ்க்கில் பெரிய எம்.பி.4 ஃபைல் துண்டு துண்டாக இருக்கும், ஃபோட்டோரெக் பெரும்பாலும் முதல் துண்டோடு நின்றுவிடும்.

டேட்டா ரெக்கவரி லேப் பக்கம், மறுபடி:

ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டில் ஈரம் படியும், ஹெட்டோ சில நானோமீட்டர் உயரத்தில் பறப்பது. மூடியைத் திறப்பதும் அப்படித்தான்.

தவறுதலாக குவிக் ஃபார்மட் ஆகியிருந்தால் டிரைவை உடனே கழற்றுங்கள். எஸ்.எம்.ஆர். வகை டிரைவ்களில் (டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி எழுதுபவை) சில, ‘இந்த இடம் இனித் தேவையில்லை’ என்று சொல்லும் டிரிம் கட்டளையை ஏற்பவை. ஃபார்மட் ஆனதும் விண்டோஸ் டிரிம் அனுப்பிவிட்டால், படிக்கும்போது வெறும் பூஜ்யம்தான் வரும்.

லேபுக்குக் கொடுப்பதென்றால் டிஸ்க்கை மட்டும் உருவிக் கொடுக்காமல் பெட்டி, பிரிட்ஜ் போர்டு, கழற்றிய பழைய பி.சி.பி., அடாப்டர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். டிடிரெஸ்க்யூ ஓட்டியிருந்தால் இமேஜும் மேப் ஃபைலும் கூடவே. என்னென்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டால், படித்துவிட்ட இடத்தை மறுபடி படிக்காமல் மிச்சத்தில் நேராக இறங்கலாம்.