வால்டாக்ஸ் ரோடும் யானை வாலும்

சின்ன வயதில் சென்ட்ரலில் இறங்கியதும் அப்பா, "வால்டாக்ஸ் ரோடு வழியா போயிடலாம்" என்பார். பக்கத்திலேயே யானைக்கவுனி வேறு இருக்கிறதா, அந்தக் காலத்தில் யானைகளை நிறுத்தி வாலுக்கு இவ்வளவு என்று வரி வாங்கியிருப்பார்கள் என்று நானே ஒரு கதை கட்டி, தம்பியையும் நம்ப வைத்திருந்தேன்.

அது ஆங்கில 'வால்', அதாவது மதில், என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி முற்றுகையிட்டார். 1769-இல் ஐதர் அலியின் படை ஊர் வாசலுக்கே வந்ததும் ஊரை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தூக்கம் போய்விட்டது. கருப்பர் நகரத்துக்கு, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனுக்கு, வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுந்தது. ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். செலவை யார் தலையில் கட்டுவது? உள்ளே குடியிருந்தவர்கள் தலையில்தான்! ஆனால் ஜனங்கள் முரண்டு பிடித்ததில் அந்த மதில் வரி கடைசிவரை வசூலாகவே இல்லை. மேற்கு மதிலை ஒட்டி ஓடிய தெருவில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது அது வ.உ.சி. சாலை. போன மாதம் ஆட்டோக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். "தூத்துக்குடிக்கா சார்?" என்றார். அப்புறம் அவரே, "வால்டாக்ஸ்னு சொல்ல வேண்டியதுதானே" என்று மீட்டரைப் போட்டார்.

* * *

அந்த மதிலில் ஒரு துண்டு ராயபுரம் பக்கம், பழைய ஜெயில் ரோட்டில் மிச்சம் இருக்கிறது. சில வருஷம் முன்பு தேடிக்கொண்டு போனேன். மாடிப் பூங்கா என்று ஒன்று இருந்தது, படியேறி மேலே போய் நடந்துகொண்டிருந்த பெரியவரிடம், "இங்க பழைய மதில் எங்கங்க இருக்கு?" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ நிக்கிறதே அது மேலதான்" என்றார்.

* * *

வடக்கிலும் மேற்கிலும் மதில் சரி, தெற்கே? அந்தப் பக்கம் கோட்டை. கோட்டைப் பீரங்கிக்கு எதிரே மறைப்பு இருக்கக் கூடாது என்று பழைய குடியிருப்பையே இடித்து மைதானமாக்கி, இதைத் தாண்டி யாரும் கட்டக் கூடாது என்று 1773-இல் 6 தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனையில், டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் நிற்கிறது. 11 வருஷம் அதன் எதிரே பஸ் ஏறியிருக்கிறேன். ஏதோ சமாதி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், போங்கள்.

* * *

தம்பியிடம் நேற்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் தன் மகளுக்கு யானைக் கதையைச் சொல்லி ரொம்ப நாள் ஆகிறதாம். இனிமேல் மாற்ற முடியாது என்கிறான்.