இரண்டாம் கட்டிலிருந்து வளவுக்கு

ஆத்தாவுக்கு மார்பில் புற்றுநோய். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில், "இனி வைத்தியம் பண்ணிப் பிரயோசனமில்லை, வீட்டுல வச்சுப் பாத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. காரைக்குடிக்கே கூட்டி வந்துவிட்டோம்.

கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. வலியைவிட அந்த நாற்றம்தான் ஆத்தாவை அரித்தது. படுக்கையை வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டின் கடைசி அறைக்கு மாற்றச் சொன்னதே அவர்தான். சிங்கப்பூரிலிருந்து பேரன் வந்தபோதும் வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்பினார். சாம்பிராணி போட்டுப் பார்த்தோம். புகையோடு சேர்ந்து இன்னும் குமட்டியது.

பக்கத்து வீட்டு ஆச்சி சொல்லித்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதிலிருந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருவது தெரியும். படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்க நர்ஸும் வருவார் என்று தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு மாதம் முன்பே போயிருப்பேன்.

வந்த நர்ஸம்மா மூக்கைப் பொத்தவில்லை. ஆத்தா அதைத்தான் முதலில் கவனித்திருக்கிறார். புண்ணில் ஒட்டியிருந்த துணியை உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுத்தார். அதுவரை நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையை (வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்களே, அதேதான்) நைசாகப் பொடித்துப் புண்மேல் தூவினார். "புண்ணு ஆறாது ஆச்சி. ஆனா நாத்தம் கிருமியால வர்றது, அது அடங்கிரும்" என்றார். ஒளிக்காமல் சொன்னது ஆத்தாவுக்குப் பிடித்துவிட்டது.

ஒரு வாரத்தில் சாம்பிராணியே தேவைப்படவில்லை. அடுத்த நாள் காலையில் ஆத்தா, "என்னைய வளவுல கொண்டுபோய்ப் போடு" என்றார். வளவு என்றால் வீட்டின் நடுவில், முற்றத்தைச் சுற்றி எல்லாரும் புழங்குகிற இடம். ஆத்தங்குடிக் கல் பதித்த பத்தியில் (தாழ்வாரத்தில்), முற்றத்து வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துக் கட்டிலைப் போட்டோம். அங்கேதான் ஏழு வாரம் இருந்தார். சின்னாத்தா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கவுனி அரிசியைக் குழைத்து ஊட்டிவிட்டுப் போவார்.

இதைப் படித்துவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஒருவர் எழுதியது:

எங்கள் அயித்தானுக்கு வாய்ப் புற்று. வலிக்கு மார்ஃபின் (morphine) மாத்திரை என்றதும், அது போதையாகப் பழகிவிடும் என்று அண்ணன் தடுத்துவிட்டார். வலிக்காக, சரியான அளவில் கொடுத்தால் அந்தப் பயம் வேண்டாம் என்று டாக்டர் உட்காரவைத்து விளக்கினார். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு இந்த மாத்திரை கிடைப்பதே அரிதாகிவிட்டதாம். 2014இல் சட்டத்தைத் திருத்தித்தான் விதிகளைத் தளர்த்தினார்கள். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 4 மணி நேரத்துக்கு ஒரு முறை தவறாமல் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு நோட்டுப் போட்டு நேரம் எழுதிவைத்தோம். நாங்கள் செய்த தப்பு, மலச்சிக்கலுக்குக் கூடவே தந்த மருந்தை விட்டுவிட்டது. ஒன்பது நாள் மனிதர் துடித்துப்போனார். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

காரைக்குடியிலிருந்து மறுபடி நான்:

நீங்கள் சொன்னது சரி, எங்களுக்கும் அந்த நோட்டுத்தான் கை கொடுத்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆத்தா போய்ப் பதினாறு கழிந்த பிறகு, ஆத்தாவுக்குக் கொடுத்திருந்த தண்ணீர் மெத்தையை அடுத்த வீட்டுக்கு எடுத்துப்போக நர்ஸம்மா வந்தார். மெத்தையைச் சுருட்டிக் கட்டிவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க தூங்குறீங்களா ஆச்சி?" என்று கேட்டார். இல்லை என்றேன். மெத்தையைக் கீழே வைத்துவிட்டுப் பத்தியில் உட்கார்ந்துவிட்டார்.