ஜூலையில் ஒன்றாகப் பழுக்கும் பெரிப் பழங்கள்: எதை ஜாமாக்குவது, எதை ஃப்ரீசரில் வைப்பது?

கேள்வி (லெஸ்டர்வாசி):

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், வீட்டுப் பின்புறத் தோட்டத்தில் ஸ்ட்ராபெரி, ராஸ்பெரி, பிளாக்கரன்ட் (சரமாகக் காய்க்கும் சிறு கறுப்புப் பழம்), கூஸ்பெரி (நம்மூர் நெல்லிக்காய் அல்ல) ஆகிய நான்கையும் வளர்த்து வருகிறோம். ஜூன் பிற்பகுதியில் தொடங்கி ஜூலை முடிவதற்குள் எல்லாமே அடுத்தடுத்துப் பழுத்துவிடுவதால், இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் அன்றன்று பறித்ததை அன்றன்றே பக்குவப்படுத்த முடிவதில்லை. கடந்த கோடையில் பழத்தின் எடைக்குச் சமமாகச் சர்க்கரை சேர்த்து ஒரே முறையில் காய்ச்சியும், ஸ்ட்ராபெரி ஜாம் இறுகாமல் பாகாகவே நின்றது. பிளாக்கரன்ட் ஜாம் இறுகியது, ஆனால் பழத்தோல் மெல்ல முடியாதபடி விறைத்துப்போனது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? எந்த நேரத்தில் பறிப்பது நல்லது? மாமனாருக்கு நீரிழிவு இருப்பதால் சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (கென்ட் தோட்டக்காரர்):

வணக்கம் சகோதரி. ஜாம் இறுகுவதற்குப் பழத்திலுள்ள பெக்டின் என்னும் இயற்கையான இறுக்கும் பொருள், புளிப்பு, சர்க்கரை ஆகிய மூன்றும் சேர வேண்டும். பிளாக்கரன்டிலும் கூஸ்பெரியிலும் முதல் இரண்டும் தாராளமாக உள்ளன, ராஸ்பெரி நடுத்தரம், ஸ்ட்ராபெரியில் பெக்டினும் குறைவு, புளிப்பும் குறைவு. ஆகவே நான்கையும் ஒரே முறையில் காய்ச்சினால் நான்கு விதமான விளைவுதான் கிடைக்கும்.

ஸ்ட்ராபெரிக்கு, ஒரு கிலோ பழத்தைச் சர்க்கரையோடு கலந்து இரவு முழுவதும் மூடி வைத்து, மறுநாள் இரண்டு எலுமிச்சையின் சாறு சேர்த்துக் காய்ச்சுங்கள். சர்க்கரையில் ஊறிய பழம் கொதியில் கரைந்துபோகாமல் ஓரளவு முழுதாகவே நிற்கும். அப்படியும் நம்பிக்கை வரவில்லையென்றால், இங்குள்ள கடைகளில் பெக்டின் கலந்து விற்கும் ஜாம் சுகரைப் பயன்படுத்தலாம். அதில் குறை ஒன்றுமில்லை. சற்றே பழுக்காத பழத்தில் பெக்டின் அதிகம் என்பதால், ஜாமுக்கு மிகவும் கனிந்தவற்றை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பிளாக்கரன்டின் தோல் விறைத்ததற்குக் காரணம், தோல் வேகும் முன்பே சர்க்கரை சேர்ந்ததுதான். 900 கிராம் பழத்துக்கு ஏறக்குறைய 850 மில்லி நீர் விட்டு, விரலால் நசுக்கினால் நசுங்கும் வரை மெதுவாக வேகவைத்த பின்னரே 1.35 கிலோ சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். பழத்தைவிடச் சர்க்கரை ஒன்றரை மடங்கா என்று மலைக்க வேண்டாம். பெக்டின் மிகுந்த பழம் அவ்வளவு நீரையும் சர்க்கரையையும் தாங்கும். எந்த ஜாமானாலும் 104 முதல் 105 டிகிரி செல்சியஸில் பதம் வந்துவிடும். வெப்பமானி இல்லையென்றால், ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டில் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்து விரலால் தள்ளிப் பாருங்கள். மேற்புறம் சுருங்கினால் உடனே இறக்கிவிடலாம்.

நேரமில்லை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என் கருத்தில் ஜூலையில் ஜாம் காய்ச்சுவதே வீண் சிரமம். பழங்களைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பரப்பி உறைய வைத்து, கெட்டியானதும் பைகளில் போட்டு, மைனஸ் 18 டிகிரியில் ஓராண்டு வரை வைத்திருக்கலாம். அடுப்பு வேலையை நவம்பர் குளிருக்கு ஒத்திப்போடுங்கள். பிளாக்கரன்டைச் சரத்தோடு அப்படியே உறைய வைத்துப் பையைக் குலுக்கினால் காம்புகள் தாமாகவே உதிர்ந்துவிடும்; ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டிருக்கும் மாலைப்பொழுது மிச்சம்.

மறுமொழி (பழத்தோட்டப் பிரியை):

பறிக்கும் நேரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செடியருகே நின்று அப்போதே உண்பதற்கென்றால் வெயில் ஏறிய பொழுதில் ஸ்ட்ராபெரி மிகுந்த சுவையோடும் மணத்தோடும் இருக்கும். எடுத்து வைப்பதற்கென்றால், பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் பறிப்பதே நல்லது. சூட்டோடு பறித்த பழம் விரைவில் தளர்ந்துவிடும். மழையில் நனைந்த பழத்தைப் பறித்து அடுக்கினால் மறுநாளே சாம்பல் நிறப் பூஞ்சை படரும். ஸ்ட்ராபெரியைக் காம்போடு கிள்ள வேண்டும். ராஸ்பெரியோ, மெல்ல இழுத்தவுடன் வெள்ளை நடுப்பகுதியைச் செடியிலேயே விட்டுவிட்டுக் கழன்று வர வேண்டும். வர மறுத்தால் இன்னும் பழுக்கவில்லை என்று பொருள், பறித்த பின் அது பழுக்கவும் செய்யாது. பிளாக்கரன்ட் கறுத்தவுடன் அவசரப்படாமல், ஏறக்குறைய ஒரு வாரம் விட்டுவைத்துப் பறியுங்கள்.

இன்னொன்று: புள்ளிச் சிறகு ட்ரோசோஃபிலா என்னும் பழ ஈ 2012 முதல் பிரிட்டனில் காணப்படுகிறது. மற்றப் பழ ஈக்கள் அழுகியதைத் தேடும்போது, இது செடியில் நிற்கும் நல்ல பழத்திலேயே முட்டையிடுகிறது. ஆகவே ராஸ்பெரியை இரண்டு நாளைக்கு ஒருமுறை தவறாமல் பறித்து, உடனே குளிர்சாதனப்பெட்டியில் வையுங்கள். கெட்டவற்றையும் செடியில் விடாமல் பறித்து, பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போட வேண்டும், உரக்குழியில் அல்ல.

மறுமொழி (ஊறுகாய்ப் பானை):

வழக்கமான ஜாமில் ஏறக்குறைய 60 விழுக்காடு சர்க்கரை இருப்பதால்தான் அது அலமாரியில் ஓராண்டு நிற்கிறது. பாதியாகக் குறைத்தால் இறுகுவதும் கடினம், பூஞ்சையும் பிடிக்கும். குளிர்சாதனப்பெட்டியில் வைத்துச் சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டும், அல்லது சிறு டப்பாக்களில் ஃப்ரீசருக்கு அனுப்ப வேண்டும். குறைந்த சர்க்கரையில் சுண்ணாம்புச் சத்தின் துணையோடு இறுகும் தனிவகைப் பெக்டினும் விற்கிறார்கள். ஆனால் வெளிப்படையாகச் சொன்னால், பாதிச் சர்க்கரை ஜாமும் நீரிழிவு உள்ளவருக்கு இனிப்புப் பண்டமே. 100 கிராம் ராஸ்பெரியில் ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரைதான் இருக்கிறது. உறைய வைத்த பழத்தை இனிப்பில்லாத தயிரில் கலந்து உங்கள் மாமனாருக்குக் கொடுங்கள்.

கூஸ்பெரியை ஜாமுக்கு மட்டும் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜூன் தொடக்கத்தில் ஒன்றுவிட்டொன்றாகப் பச்சைக் காய்களைப் பறித்தால், மீதமுள்ளவை பருத்துப் பழுக்கும். பறித்த காய்களோ நல்ல புளிப்பு. நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்து, காயை வதக்கி, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம், உப்பு சேர்த்துத் தொக்காகச் சுண்டவைத்தால் தயிர்ச்சோற்றுக்கு அருமையாக இருக்கும். குளிர்சாதனப்பெட்டியில் வைத்துப் பயன்படுத்துங்கள்.

லெஸ்டர்வாசி:

மூவருக்கும் நன்றி. அடுப்பை நவம்பருக்கு ஒத்திப்போடும் யோசனை வீட்டில் உடனே ஏற்கப்பட்டுவிட்டது. ஒரே ஐயம்: உறைந்த பழம் புதுப்பழம்போலவே இறுகுமா?

கென்ட் தோட்டக்காரர்:

உறையும்போது பெக்டின் சற்றுக் குறையும் என்பதால், பழத்தை மட்டும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரை அதே அளவு போதும். உருகவிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை, உறைந்தபடியே பாத்திரத்தில் போட்டுச் சிறு தீயில் தொடங்கலாம். ஸ்ட்ராபெரி குழைந்துதான் போகும்; ஜாமுக்கு அதனால் பாதகமில்லை.