மறு: ‘ஹியூமரல் ஸ்டிமுலஸ்’ – ‘திரவவழித் தூண்டல்’ சரிவருமா?

வணக்கம்.

> நோய்த்தடைக்காப்பில் ‘திரவவழி’ என்று ஏற்கெனவே புழங்குகிறோம். சுரப்பிப் பாடத்திலும் ‘திரவவழித் தூண்டல்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ‘ஹியூமரல் ஸ்டிமுலஸ்’ என்பது, இரத்தத்தில் கால்சியம் போன்ற ஒரு பொருளின் அளவு மாறுவதே ஒரு சுரப்பியைச் சுரக்கத் தூண்டுவது. ஆனால் பிரித்துக்காட்ட வேண்டியதை ‘திரவவழி’ பிரிக்கவில்லை. மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) தைராய்டைத் தூண்டுவதும் இரத்தத்தின் வழியாகத்தானே? அதை ‘ஹார்மோன் தூண்டல்’ என்று தனி வகையாக வைத்திருக்கிறோம்.

பாராதைராய்டைப் பாருங்கள். தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும், பெரும்பாலும் நான்காக இருக்கும் இந்தக் குட்டிச் சுரப்பிகளுக்கு மேலிடத்து உத்தரவு எதுவும் வருவதில்லை. அவற்றின் செல் பரப்பிலுள்ள ஏற்பிகளே இரத்தக் கால்சியத்தை அளந்தபடி இருக்கின்றன. கால்சியம் சற்று இறங்கினாலும் உடனே ஹார்மோன் வெளிப்படும். எலும்பு கொஞ்சம் கால்சியத்தை விட்டுக்கொடுக்கும், சிறுநீரகம் வெளியேறப் பார்ப்பதைப் பிடித்துவைக்கும். அளவு ஏறியதும் சுரப்பு தணிந்துவிடும். தைராய்டு அறுவையில் இவை அடிபட்டுவிட்டால் கால்சியம் இறங்கி, உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு வரும். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி மூன்று நிமிடம் வைத்தால், சிலருக்கு மணிக்கட்டு மடங்கி விரல்கள் விறைத்து ஒன்றுசேரும்.

ஆக, தூண்டுவது திரவம் அல்ல, அதில் கரைந்துள்ள பொருளின் செறிவு. ‘குருதியளவுத் தூண்டல்’ என்றால் இரத்தத்தின் கொள்ளளவு என்று படித்துவிடுவார்கள். என் பரிந்துரை ‘செறிவுத் தூண்டல்’. பொட்டாசியம் ஏறினால் அட்ரினல் சுரப்பியின் புறணி (வெளிப்பகுதி) ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரப்பதற்கும் இது பொருந்தும். டிஎஸ்ஹெச்சுக்கும் செறிவு உண்டே என்று கேட்கலாம். ஆனால் அது தூது சொல்லவே சுரந்த பொருள். கால்சியம் அப்படி இல்லை.

தூண்டல் வகை அட்டவணையில் இன்சுலினை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றில் மட்டும் அடைக்க வேண்டாம். குளுக்கோஸ் ஏறினால் செறிவுத் தூண்டல். சாப்பாட்டு வாசனைக்கே கொஞ்சம் சுரப்பது நரம்புத் தூண்டல். குடல் ஹார்மோன்களும் சேர்ந்துகொள்வதால்தான், அதே குளுக்கோஸை இரத்தக் குழாயில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் இன்சுலின் கூடுதலாக வருகிறது. வகைப் பெயர் தூண்டலுக்குத்தான், சுரப்பிக்கு அல்ல. அட்டவணையில் இதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.

‘ஹார்மோன்’ என்பதை ‘இயக்குநீர்’ ஆக்குவதா என்ற பழைய சண்டையைத் தயவுசெய்து இந்த இழையில் இழுக்க வேண்டாம்.